கலாபகோஸ் க்ரூஸ்: விமான டிக்கெட்டை யார் போடுவது?

கலாபகோஸ் தீவுகளுக்கு வெளிநாடுகளிலிருந்து நேரடிப் பயணிகள் விமானம் கிடையாது. ஈக்வடாரின் கீட்டோவுக்கோ குவாயாகிலுக்கோ வந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் சுமார் 1,000 கிலோமீட்டர் கடலைத் தாண்ட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்துக்கான டிக்கெட்டை, தீவுகளைச் சுற்றிக்காட்டும் க்ரூஸை நடத்தும் கப்பல் நிறுவனத்திடம் விடுவதா, நாமே போடுவதா?

நாமே போட்டால் நேரத்தையும் விலையையும் நாமே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் திரையில் மலிவாகத் தெரிவது உள்ளூர்க்காரர்களுக்கான சலுகைக் கட்டணமாக இருக்கலாம். அதை வாங்கிய வெளிநாட்டவரிடம் விமான நிலையத்தில் மீதியைக் கேட்பார்கள். இறங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். பால்ட்ரா, சான் கிறிஸ்டோபல் என்று வேறு வேறு தீவுகளில் இரண்டு விமான நிலையங்கள். ஒன்றில் தொடங்கி மற்றதில் முடியும் க்ரூஸ்களும் உண்டு. போகவர ஒரே இடத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டால் சிக்கல்தான்.

விலையைவிடப் பெரிய விஷயம் தாமதம். கப்பல் எந்த நாளில் எந்தத் தீவுக்குப் போகலாம் என்பதைத் தேசியப் பூங்கா நிர்வாகம் தீர்மானிக்கிறது. அதனால் கேப்டன் நினைத்தாலும் உங்களுக்காக ஒரு நாள் காத்திருக்க முடியாது. நிறுவனம் போட்ட டிக்கெட் என்றால் பெரும்பாலும் சக பயணிகளும் அதே விமானத்தில் இருப்பார்கள். தாமதமானால் சமாளிப்பது நிறுவனத்தின் பாடு. தனியாக வந்து தவறவிட்டவர் படகு பிடித்துத் துரத்த வேண்டும். அடுத்த நிறுத்தம் சாண்டா குரூஸ் மாதிரி ஊர் உள்ள தீவாக இருந்தால் சரி. ஆளில்லாத ஹெனோவேசாவாக இருந்தால் என்ன செய்வது?

அதனால் என் கணக்கு இது: க்ரூஸ் தொடங்கும் அன்றுதான் தீவுக்குப் பறக்கிறீர்கள் என்றால், கொஞ்சம் கூடுதலானாலும் நிறுவனத்தின் டிக்கெட்டே மேல். நாமே போடுவதென்றால் ஒரு நாள் முன்னதாகவே தீவில் இறங்கிவிட வேண்டும். பால்ட்ராவில் இறங்கிச் சாண்டா குரூஸுக்குக் கடந்து, அங்குள்ள புவேர்ட்டோ அயோரா ஊரில் தங்கி, மேட்டுநிலத்தில் ராட்சத ஆமைகளைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கப்பலேறலாம். மறுநாள் எங்கே வந்து ஏற்றிக்கொள்வார்கள் என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கீட்டோவா குவாயாகிலா என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. கீட்டோ விமானங்கள் பலவும் குவாயாகிலில் நின்றுதான் போகின்றன. குவாயாகிலிலிருந்து ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம். கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சிலருக்குத் தலைவலி வரும். பழைய நகரத்தைப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் அந்த வழி.

விலையை ஒப்பிடும்போது இன்னொன்று. தீவுக்கான பயண அட்டைக்கு 20 டாலர். அப்புறம், வெளிநாட்டுப் பெரியவர்களுக்கான பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 ஆகிவிட்டது. நிறுவனம் சொல்லும் தொகையில் இவை அடக்கமா என்று கேட்காமல் எது மலிவு என்று முடிவுகட்ட வேண்டாம்.

திரும்பும் நாளில் தீவு விமானத்தையும் சர்வதேச விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டில் ஒரே நாளில் கோர்ப்பதை நான் செய்யமாட்டேன். தீவுகளின் கடிகாரம் ஈக்வடார் நிலப்பகுதியைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. டிக்கெட்டில் இருப்பதோ அந்தந்த ஊர் நேரம். தீவில் புறப்படும் நேரத்தோடு பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டி, இடையில் நேரம் இருக்கிறது என்று நினைத்தால், அதில் ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கும்.