கார் கதவுக் கீலுக்கு டபிள்யூடி-40: அழுக்கை எடுக்கும், கிரீஸ் வேலையைச் செய்யாது

கார் கதவு கிறீச்சிட்டால் ஆளாளுக்குச் சொல்லும் மருந்து, "டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிங்க." அடித்ததும் சத்தம் நிற்கும். சில வாரங்களில் திரும்பி வரும். குறை டப்பாவில் இல்லை, அதனிடம் நாம் வாங்கும் வேலையில் இருக்கிறது.

1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் இது உருவானது, உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக. பெரும்பகுதி ஆவியாகிவிடும் பெட்ரோலியக் கரைப்பான். மிச்சத்தில் கொஞ்சம் எண்ணெய். கீலில் காய்ந்து கருத்துப்போன பழைய கிரீஸை இது அழகாக இளக்கும். கூடவே உள்ளே நன்றாக இருக்கும் கிரீஸையும் கழுவிக் கொண்டுவந்துவிடும். மிஞ்சும் மெல்லிய எண்ணெய்ப் படலம், கதவின் மொத்த எடையையும் தாங்கும் கீல் பின்னுக்கு (கீலின் நடுவே செருகிய கம்பி) பத்தாது. ஆகவே சுத்தம் செய்ய வாங்கலாம், தாராளமாக. அதோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

முதலில் கதவு இடுக்கு. ஈரத்துணியை எடுக்கும் முன் ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிடுங்கள். மணலோடு தேய்த்தால் பெயின்டில் கீறல் விழும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மி.லி. கார் ஷாம்பூ, நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவுதான். பிரஷர் கன் இங்கே வேண்டவே வேண்டாம். கதவுக்குப் போகும் ஒயர்களின் ரப்பர் உறைக்குள்ளும், ஸ்பீக்கர் பக்கமும் தண்ணீர் ஏறும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. அவற்றை ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டை முனையால் குத்திவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் பெயின்டைப் பெயர்க்கும், அங்கிருந்து துரு தொடங்கும். துளை அடைத்தாலும் அதே கதைதான், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரமாக.

இனி கீல். கீலுக்குப் பின்பக்கம் ஒரு பழைய துணியைப் பிடித்துக்கொண்டு, டபிள்யூடி-40 டப்பாவின் ஸ்ட்ராவை வைத்து மேல் கீல், கீழ்க் கீல் இரண்டிலும் பின் மீது ஒரு விநாடி அடித்தால் போதும். ஐந்து நிமிடம் ஊறட்டும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, கதவைப் பத்து முறை ஆட்டுங்கள். கருப்பு எண்ணெய் வடியும், துடையுங்கள். வடிவது தெளிவாகும்வரை இதையே திரும்பச் செய்து, கால் மணி நேரம் காயவிட்டு, வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்ப்ரே அடியுங்கள். பின்னின் மேலும் கீழும் பட்டாணி அளவு போதும். மறுபடி பத்து முறை ஆட்டி, வெளியே பிதுங்குவதை ஒட்டத் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் நம்மூர்ப் புழுதியைப் பிடித்து, அரைத்த மாவு மாதிரி பின்னைத் தேய்க்கும். இரண்டு கீலுக்கும் நடுவே, கதவைப் பாதியில் நிறுத்தும் டோர் செக் பட்டைக்கும் அதே கிரீஸை லேசாகத் தடவலாம். டக் டக் என்ற சத்தம் பலமுறை அங்கிருந்துதான் வருகிறது, பழி கீல் மேல்.

டபிள்யூடி-40 டப்பாவின் உண்மையான ஆபத்து தெறிப்பு. கதவைச் சுற்றியுள்ள பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். அது பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி உப்பும், நாளடைவில் பிடி தளரும். பட்டால் உடனே ஷாம்பூத் தண்ணீரால் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். சாவித் துவாரத்துக்கு டபிள்யூடி-40, கிரீஸ் இரண்டுமே வேண்டாம், அங்கே கிராஃபைட் பவுடர்.

நான்கு கதவுக்குச் சிறிய டப்பாவே மிச்சமாகும். கழற்றி மாட்டும் ஸ்ட்ரா தொலைவது உறுதி என்பதால், மடக்கி நிமிர்த்தும் ஸ்ட்ரா உள்ள பெரிய டப்பா கிடைத்தால் அதையே எடுக்கலாம். எளிதில் தீப்பற்றும்; வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.