படலையடியில் நிற்கும் குட்டி: உள்ளே எடுப்பதா, ஒழுங்கையில் வைத்துப் பார்ப்பதா?

யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே ஒரு நாய் நிற்கும் வீட்டுப் படலையடிக்கு ஒரு கட்டாக்காலி நாய்க்குட்டி வந்து சேர்ந்தால் வீட்டுக்குள் நாலு விதப் பேச்சு எழும்பும். "நிக்கிற நாய்க்குத் துணையா இருக்கட்டும், உள்ளை விடு" என்பார் ஒருவர். "ஒழுங்கையிலேயே நிக்கட்டும், சோறு போடுவம்" என்பார் இன்னொருவர். "கொஞ்ச நாள் வைச்சிருந்து ஆருக்கும் குடுப்பம்" என்பது மூன்றாவது. "ரெண்டாவது நாய் வேணுமெண்டால் நல்ல இனக் குட்டியா வாங்குவம்" என்பது நாலாவது. ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதை யாரும் முடிவாகச் சொல்வதில்லை, ஆனால் பல வீடுகளில் கடைசியில் நடப்பது அதுதான்: இரவில் உள்ளே, பகலில் ரோட்டில், ஊசி ஒன்றும் இல்லை. ஐந்திலும் ஆகக் கூடாதது அது.

முதலில் குட்டியின் வயது தெரிய வேண்டும். பாதி முடிவு அதிலேயே விழுந்துவிடும். துவாயால் போர்த்திப் பிடித்து உதட்டை மட்டும் உயர்த்திப் பாருங்கள். வாய்க்குள் விரல் போக வேண்டியதில்லை. ஊசிபோன்ற பாற்பற்கள் முழுவதும் இருந்தால் 6 வாரத்துக்கும் மூன்றரை மாதத்துக்கும் இடைப்பட்டது. நடு முன்பற்கள் விழுந்து அகலமான பற்கள் எழும்பியிருந்தால் 4 மாதமளவு. வேட்டைப்பல் உட்பட எல்லாம் பெரிய பற்களென்றால் 6, 7 மாதம் தாண்டிவிட்டது.

4 மாதத்துக்குக் கீழே என்றால் "ஒழுங்கை நாயாக வளரட்டும்" என்பது உண்மையில் ஒரு தெரிவே அல்ல. அந்த வயதுக் குட்டி ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் விலகத் தெரியாது, மற்ற நாய்களிடமிருந்து சோற்றைக் காக்கத் தெரியாது, ஊசி முடிவதற்குள் நோய் பிடித்துவிடும். 8, 9 மாதமாகி, ஒழுங்கையில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, நாலு வீட்டுச் சோற்றில் நிற்கும் நாயின் கதை வேறு. அதை உள்ளே இழுத்துச் சங்கிலியில் போட்டால் ஊளையிடும், மண்ணைத் தோண்டும், கழுத்துப் பட்டியைக் கழற்றிக்கொண்டு போகும். அதற்கு விசர் ஊசி, கருத்தடை, ஒரு நேரச் சோறு என்று ஒழுங்கையிலேயே வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. சோற்றை உங்கள் படலையிலிருந்து 20 மீற்றராவது தள்ளி வையுங்கள். படலையடியில் வைத்தால் உள்ளே நிற்கும் நாய் நாள்தோறும் வேலிச்சண்டை பழகும். சொப்பிங் பையோடு வீசாதீர்கள். குழம்பு மணத்துக்குப் பையையும் சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துச் செத்த நாய்கள் உண்டு.

இனிக் குட்டியை விட்டுவிட்டு, ஏற்கெனவே நிற்கும் நாயைப் பாருங்கள். துணை வேண்டும் என்று கேட்டது அதுவல்ல. 2 முதல் 6 வயது வரை, வெளி நாயைக் கண்டால் குரைத்துவிட்டு ஆறிப்போகிற நாய், கருத்தடை செய்தது: வாய்ப்பு நல்லது. 9 வயது கடந்து இடுப்பு நோகிற நாயின் முதுகில் நாள் முழுக்கக் குட்டி ஏறி விளையாட விடுவது கொடுமை. கடுவனுக்குப் பெட்டை, பெட்டைக்குக் கடுவன் என்ற சோடி பொதுவாகச் சண்டை குறைவு. ஒரே வீட்டில் இரண்டு பெட்டைகள் முறுகினால்தான் காயம் ஆழமாக வரும், அடிக்கடியும் வரும். ஆனால் கடுவனும் பெட்டையுமாக வைத்திருந்து கருத்தடையைத் தள்ளிப் போட்டால், குட்டி 6, 7 மாதத்தில் பருவத்துக்கு வந்து, அதிலிருந்து 63 நாளளவில் வீட்டில் ஆறேழு குட்டிகள் நிற்கும்.

பகலில் கட்டி வைத்து இரவில் அவிழ்த்துவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். கட்டியிருக்கும் நாயின் முன்னால் குட்டி அவிழ்ந்து ஓடினால், எட்டாத கோபம் பெரிய நாயின் தலைக்குள் ஏறிக்கொண்டே போகும். இரவு சங்கிலி கழன்றதும் அது முதலில் போவது குட்டியிடம்தான். பகல் முழுக்கக் கட்டுவதை விட முடியாத வீட்டில் இரண்டாவது நாய் வேண்டாம்.

நோய்க்கு வருவோம், பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான். வந்த அன்றே குட்டியை வளவுக்குள் விடக் கூடாது. 14 நாள் தனியாக வைக்க வேண்டும்: சீமெந்துத் தரையுள்ள கொட்டில் அல்லது வெளிக் குளியலறை, தனிக் கோப்பை, தனிச் சாக்கு, தனிச் செருப்பு. முதலில் உங்கள் நாய்க்குச் சோறு வைத்துவிட்டுக் கடைசியாகக் குட்டியிடம் போங்கள், திரும்பி வந்து கைகாலைச் சோப்பால் கழுவுங்கள். பார்வோ என்ற குடலைத் தாக்கும் வைரஸ் நோய் பெரும்பாலும் தொற்றி 3 முதல் 7 நாளில் வெளிப்படும்: சோர்வு, வாந்தி, பிறகு நாற்றமெடுக்கும் இரத்தக் கழிச்சல். வாந்தி தொடங்கிய குட்டிக்கு வாயால் பாலோ சோறோ திணிக்காமல் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு போனால்தான் சேலைன் ஏற்றிக் காப்பாற்றப் பார்க்கலாம். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் மூக்குச் சளி, கண் பீளையோடு தொடங்கும், சிலவேளை இரண்டு வாரம் தாண்டியும் வரும்.

பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடமளவுகூட, உயிரோடு கிடக்கும். கடந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் வளவில் இரத்தக் கழிச்சலில் ஒரு குட்டி செத்திருந்தால், ஊசி முடியாத இன்னொரு குட்டியை அந்த மண்ணில் விடுவது தெரிந்தே கொல்வதுதான். சீமெந்துத் தரையை முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவி, பிறகு வீட்டுத் திரவ பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். மணலில் பிளீச் ஊற்றிப் பயனில்லை, குப்பையோடு சேர்ந்து அதன் வலு போய்விடும். கிணற்றடியில் இந்த வேலை கூடவே கூடாது. நமது நிலம் சுண்ணக்கல், மேலே ஊற்றுவது கீழே தண்ணீருக்குப் போக நேரமெடுக்காது. நாய்ப் பீயையும் கிணற்றிலிருந்து தள்ளித்தான் புதைக்க வேண்டும்.

வெயிலில் நின்று குட்டியின் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்து, விரலால் அழுத்தி எடுத்ததும் 2 செக்கனுக்குள் நிறம் திரும்பினால் நல்லது. கடதாசிபோல் வெளிறியிருந்தால் கொக்கிப்புழுவோ, தெள்ளும் உண்ணியுமோ இரத்தத்தைக் குடித்திருக்கின்றன. புழு மருந்து 2 வார இடைவெளியில் 3 மாதம் வரை, பிறகு 6 மாதம் வரை மாதமொரு தடவை. அளவு எடைக்குத்தான், ஆகவே மரக்கறித் தராசிலாவது நிறுத்துக்கொண்டு போங்கள். சொறிக்குப் பழைய இஞ்சின் ஒயில் பூசுவதை நிறுத்த வேண்டும். குட்டி அதை நக்கும், நஞ்சு உள்ளே போகும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற புழு, உண்ணி மருந்தை மட்டுக்கட்டாய் ஏற்றுவதும் ஆபத்து.

பார்வோ, டிஸ்டெம்பர் போன்றவற்றுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை. ஒரு ஊசியோடு நிறுத்தினால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே அதைச் செயலிழக்கச் செய்துவிடலாம். "ஊசி போட்டும் செத்துப் போச்சு" என்ற கதைகளில் பல இப்படி வந்தவை. எலிக்காய்ச்சல் சேர்ந்த ஊசியாகக் கேளுங்கள். 2024 டிசம்பரில் இங்கே மனிதர்களே அந்தக் காய்ச்சலில் இறந்தார்கள், நாய்க்கும் அது வரும். விசர் ஊசி 3 மாதத்தில் அல்லது வைத்தியர் சொல்லும் வயதில், பிறகு வருடாவருடம். உங்கள் பழைய நாயின் விசர் ஊசி வருடம் தாண்டியிருந்தால், குட்டியை உள்ளே எடுக்க முதல் அதைப் போட்டு முடியுங்கள்.

14 நாள் கழிந்ததால் விசர் இல்லை என்று ஆகாது. அது உடலுக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், சின்னக் குட்டிக்கும் வரும். குட்டி கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். "பால்குடி மாறாத குட்டிதானே" என்று இருந்துவிடாதீர்கள்.

காசு கொடுத்து வாங்கும் அல்சேசன், லப்ரடோர் குட்டி இதிலெல்லாம் மேலா? தாய் தகப்பனை நேரே பார்க்கலாம், வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று தெரியும். அந்த வகையில் மட்டும் அது மேல். சின்னப் பொமேரியன் நிற்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல; கட்டாக்காலிக் குட்டி 15, 20 கிலோவுக்கு வளரலாம், விளையாட்டில் மிதித்தாலே பொமேரியனின் கால் போய்விடும். மற்றபடி பார்வோவுக்கு இனம் தெரியாது. 5 வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து விற்ற இனக் குட்டிக்கும் அதே 14 நாள், அதே ஊசிகள். சடை மயிருக்குள் உண்ணி ஒளிந்திருந்தால் காய்ச்சல் வரும்வரை தெரியாது, சித்திரை வைகாசி வெக்கையிலும் சடை நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கும். அல்சேசனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வேறு. துணைக்கு மட்டும்தான் நாய் என்றால் விலை கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

வைத்திருந்து வேறு வீட்டுக்குக் கொடுப்பது, வீட்டு நாய் ஒத்துவராதபோது நல்ல வழி. கடுவன் குட்டி சுலபமாகப் போகும், பெட்டையை எடுக்க ஆளில்லை. சந்தையடியிலும் கோயிலடியிலும் பெட்டியில் வைத்துவிட்டுப் போவதில் பெட்டைகளே கூட. அதனால் 14 நாள் முடித்து, முதல் ஊசி போட்டு, 6 மாதத்தில் கருத்தடைக்கு நீங்களே கொண்டுபோவதாக ஒப்புக்கொண்டு கொடுங்கள். அந்த ஒரு வாக்கு பல வீட்டுப் படலைகளைத் திறக்கும்.

ஐந்தாவது வழியை ஏன் ஆகக் கூடாதது என்றோம்? பகலில் ரோட்டில் பொறுக்கிய நோயையும் உண்ணியையும் இரவில் உங்கள் நாயிடம் அது கொண்டுவரும். உங்கள் நாய்க்கோ அது தினமும் புதிதாக வந்து நுழையும் அந்நியன், சண்டை ஒருநாளும் ஓயாது. கடித்தால் பொறுப்பேற்க ஆளில்லை, ஆனால் சோறு போட்ட வீடு எது என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

உள்ளே எடுப்பதென்று முடிவானால் வேலியில் தொடங்குங்கள். இரண்டு மாதக் குட்டி வெளியே நுழைந்து போக 7 சென்ரிமீற்றர் இடைவெளி போதும். கதியால் வேலியின் அடியில் ஒரு வரிசை கல் அல்லது 30 சென்ரிமீற்றர் கோழிக்கம்பி, படலைக்குக் கீழே ஒரு பலகை. கட்டு இல்லாத தோட்டக் கிணறு இருந்தால் அது முதல் வேலை.

15ஆம் நாள் அறிமுகம். இடம் உங்கள் முற்றமல்ல, கோயில் வீதியோ வெறும் காணியோ. இரண்டு பேர், இரண்டு கயிறு, 10 மீற்றர் இடைவெளியில் ஒரே திசையில் நடந்து போங்கள். 10 நிமிடத்தில் இடைவெளியைக் குறைத்து, கயிறு தளர்ந்த நிலையில் 3 செக்கன் மணக்க விட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நாய் அதைச் சண்டைக்கான சைகையாக எடுக்கும். வால் விறைத்து, வாய் மூடி, பெரிய நாய் அசையாமல் நின்றால் அன்றைக்குப் போதும். முன்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தினால் விளையாட்டுக்குக் கூப்பிடுகிறது. வீட்டுக்குள் குட்டி தன் கோப்பைக்கு வரும்போது பெரிய நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமலை அடித்து நிறுத்திய நாய் அடுத்த தடவை உறுமாமல் கடிக்கும்.

கோப்பைகள் இரண்டும் ஒரு மூலைக்கொன்றாக. குட்டிக்கு 4 மாதம் வரை நாலு நேரம், பிறகு மூன்று, 6 மாதத்துக்குப் பின் இரண்டு. சோறும் இறைச்சியும் மட்டும் என்றால் கல்சியம் போதாமல் கால் வளையும். சூடை மீனை முள் மெத்தென்று ஆகும்வரை அவித்து மசித்துப் போடுங்கள். வெங்காயம் போட்ட கறி மிச்சம் வேண்டாம், வளவில் முந்திரிகைப் (திராட்சைப்) பந்தல் இருந்தால் விழுந்த பழங்களைக் காலையில் கூட்டிவிடுங்கள். இரண்டும் நாய்க்கு நஞ்சு.

சண்டை மூண்டால் கையை இடையில் விடாமல் ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள். முதல் இரண்டு மாதம், யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. இரவிலும் தனித்தனியாகத்தான். குட்டிக்கு 5 மாதமளவில் பெரிய நாயின் பொறுமை குறையும், அப்போது சோற்று நேரத்தில் மறுபடி கயிற்றைக் கையில் எடுக்க வேண்டிவரும்.