கோத்தகிரியில் மலை சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கோவையில் ஒரு வங்கிக் கிளையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். காசோலைக் கையெழுத்தில் ஒரு சுழி மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிற ஆள். அப்படிப்பட்ட நான் கடந்த ஜனவரியில் இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தைப் பார்த்து மயங்கி, முன்பின் தெரியாத ஒருவருக்கு 5,600 ரூபாய் அனுப்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆளுக்கு 2,800 ரூபாய். கியர் வைத்த மலை சைக்கிள், தலைக்கவசம், பயிற்சி பெற்ற வழிகாட்டி, காப்பீடு, காலை உணவு, எல்லாவற்றுக்கும் மேலாக 'வனத்துறை அனுமதியுடன் காட்டுப் பாதை'. நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் பதிவு செய்தோம். அனுமதி பற்றி நான் கேட்காமல் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். "அரசாங்கமே 40 பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறதே சார், செய்தி பார்க்கவில்லையா?" என்றார் உரிமையாளர். பார்த்திருந்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத்தான் அவர் சொன்னார். அது நடந்து போகிறவர்களுக்கானது; அரசின் இணையதளத்தில் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் உள்ளூர் வழிகாட்டியோடு போக வேண்டியது. இவருடைய சைக்கிளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையான ஒரு செய்தியைத் தன் பொய்க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

காலை ஆறரைக்குக் கோத்தகிரி. உரிமையாளர் வரவில்லை. இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் சரக்கு ஆட்டோவில் ஐந்து சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்தான். எங்களோடு திருப்பூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. பையன் ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டி, "காப்பீட்டுக்கு, சார்" என்றான். குளிரில் விரல் விறைத்திருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என்ன நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்று நானே எழுதிக் கொடுத்த தாள் அது என்பது வீட்டுக்கு வந்து பிரதியைப் படித்தபோதுதான் தெரிந்தது. காப்பீடு என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

பிரேக்கை முதலில் கவனித்தவள் மகள்தான். "அப்பா, உங்கள் வண்டியில் பிரேக் கைப்பிடியை அழுத்தினால் ஹேண்டில் பாரில் வந்து முட்டுகிறதே" என்றாள். பையனிடம் காட்டினேன். "மலை வண்டிக்கு அப்படித்தான் இருக்கும் சார். டிஸ்க் பிரேக், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்." நம்பினேன். ஐம்பது வயதை நெருங்கும் நான், ஊர் சைக்கிளை ஓட்டி வளர்ந்தவன், பிரேக் என்றால் அழுத்தியவுடன் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவன், 'மலை வண்டி' என்ற ஒரு சொல்லுக்குப் பணிந்துவிட்டேன்.

முதல் இருபது நிமிடங்களைக் குறை சொல்ல மாட்டேன். தேயிலைத் தோட்டத்து மண் சாலை. பனி ஈரத்தில் டயர் பதிந்த தடம், கற்பூர மர வாசனை, தூரத்தில் யாரோ நாயை அதட்டும் குரல். மகள் எனக்கு முன்னால் போய்த் திரும்பிச் சிரித்தாள். அதற்கு மட்டும் 2,800 கொடுத்ததாக நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு தோட்டம் முடிந்து சீகை மரக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை இறங்கியது. வேர்கள், உருளும் கற்கள், இருபுறமும் உண்ணிச்செடி. இறக்கத்தில் எப்படி ஓட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லித் தரவில்லை. சீட்டைத் தாழ்த்த வேண்டும், இரண்டு பெடலையும் சமமாக வைத்து அதன்மேல் எழுந்து நிற்க வேண்டும், உடம்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், முன் சக்கரத்தைப் பார்க்காமல் பாதையின் தொலைவைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பிற்பாடு நான் தெரிந்துகொண்டவை. அன்று சீட்டில் அரிசி மூட்டை போல உட்கார்ந்தபடி இறங்கினேன். இரண்டாவது வளைவில் பிரேக்கை முழுதாக அழுத்தினேன். இரும்பும் இரும்பும் உரசும் கிறீச்சென்ற சத்தம்தான் வந்தது, வேகம் குறையவில்லை. உண்ணிச்செடிப் புதருக்குள் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பில் விரிசல்; நான்கு வாரம் கட்டு.

முதலுதவிப் பெட்டி இல்லை. மகளின் துப்பட்டாவால் கட்டினோம். பையன் பதறிப்போய் என் சைக்கிளின் முன் பிரேக்கைக் கழற்றினான். உள்ளேயிருந்து பத்து ரூபாய் நாணய அளவில் ஒரு தகடு கையோடு வந்தது. மகள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. ஒரு பக்கம் கறுப்பு வண்ணம். சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்க வேண்டிய மறுபக்கம் கண்ணாடி போலப் பளபளக்கிறது, வட்டவட்டமாகக் கோடுகள். எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதன்மேல் ஒட்டியிருக்க வேண்டிய பேட் மொத்தமும் தேய்ந்துபோய்ப் பல மாதம் ஆகியிருக்கும் சார். வெறும் இரும்பில் ஓட்டியிருக்கிறீர்கள்." புது ஜோடி என்ன விலை என்றேன். 250 ரூபாய்.

புதரிலிருந்து என்னைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தபோதே வனக்காப்பாளர் இருவர் வந்துவிட்டார்கள். நாங்கள் நின்றது காப்புக்காடு. அனுமதிச் சீட்டு கேட்டார்கள். பையன் கைப்பேசியில் ஒரு கடிதத்தைக் காட்டினான். அவர்கள் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள். ஒரு கல்லூரியின் இயற்கை முகாமுக்கு, வேறொரு வனச்சரகத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளுக்குக் கொடுத்த அனுமதி. தேதி, பெயர், இடம் மூன்றும் பொருந்தாத அந்தத் தாளை வங்கியில் யாராவது என்னிடம் நீட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். பணம் கட்டுமுன் அதை அனுப்பச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லையே.

காப்பாளர்களில் மூத்தவர் கோபமாகத்தான் பேசினார், ஆனால் பேசியதில் நியாயம் இருந்தது. "நடந்து வருகிறவன் காலடி காட்டுமாட்டுக்குக் கேட்கும், விலகிப் போய்விடும். இறக்கத்தில் சைக்கிள் வருவது கேட்காது. நேராக அதன் முன்னால் போய் நிற்பீர்கள். கரடி என்றால் இன்னும் மோசம்." 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்ததையும், அதற்குப் பிறகு அரசு தனி விதிகள் வகுத்ததையும் சொன்னார். எனக்கும் மகளுக்கும் சேர்த்து 10,000 ரூபாய் அபராதம். ரசீது கொடுத்தார்கள். அன்று எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான ஆவணம் அதுதான்.

பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு நாள் கூலி 500 ரூபாய், அதிலும் இரண்டு வாரப் பாக்கி என்று மருத்துவமனை வாசலில் அழுதான். உரிமையாளரை அழைத்தேன். "காட்டுக்குள் போனது நீங்கள், கையெழுத்துப் போட்டது நீங்கள்" என்றார். அடுத்த நாள் என் எண்ணை முடக்கிவிட்டார். அவருடைய பக்கத்தில் இருந்த ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளை அப்போதுதான் தேதி பார்த்துப் படித்தேன். பெரும்பாலானவை ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டால் போதும். திருப்பூர்க்காரர்களும் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் படம், அந்தத் தகடு எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் அந்த விளம்பரம் மறுபடி என் கைப்பேசியில் வந்தது. படம் புதியது. தேயிலைத் தோட்டச் சாலையில் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். என் மகள். கீழே 'வனத்துறை அனுமதியுடன்' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கட்டணம் 3,200 ஆகியிருக்கிறது.