இடது முன் சக்கரத்தின் கீழ் போல்ட்: கேம்பர் வேனோடு ஐந்து வருட அனுபவம்

என் கேம்பர் வேனின் இடது முன் சக்கரத்துக்குப் பின்னால், கலிப்பரின் (பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அடியில், 17 மில்லிமீற்றர் தலை கொண்ட ஒரு போல்ட் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது; கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வண்டிக்கென்று வாங்கிய கருவிகளில் பாதி அந்த ஒரு போல்ட்டுக்காக வாங்கியவை. எது உழைத்தது, எது காசுக்குக் கேடு என்று எழுத இப்போது எனக்குக் கொஞ்சம் தகுதி வந்திருக்கிறது.

வண்டி பழைய டீசல் வேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது வேறு வண்டி வாங்கும் ஆசையை மூட்டை கட்டிவிட்டு, இருந்த வேனுக்குள்ளேயே மச்சானும் நானும் கட்டில், காஸ் அடுப்பு, 80 லீற்றர் தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தினோம். தாங்கி நிறைந்தால் அதுவே 80 கிலோ. பலகையும் மெத்தையும் தனிக்கணக்கு. அந்தப் பாரத்தோடு கொட்டகலையிலிருந்து ஹப்புத்தளை, எல்ல, சில வேளை கண்டி என்று ஓடுகிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறம்பொடை வழியாக இறங்குகிறவர் இரண்டாம் கியரைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அவ்வளவு இறக்கத்தையும் பிரேக்தான் சுமக்க வேண்டும்.

2021இல் அப்படி ஓர் இறக்கத்தில் கருகல் வாடை வந்தது. தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் போகிறோம், அந்த வாசனைதான் என்று நான் சொன்னேன். "தேயிலை இப்படி நாறாது" என்றாள் மனைவி. ஓரமாக நிறுத்தி இரண்டு முன் சக்கரங்களிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். வலதில் வழிந்தது, இடதில் 'சுர்' என்றது. கலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் வழுக்கு ஊசி துருவேறி இறுகியிருந்தது. உள்பக்க பேட், அதாவது டிஸ்க்கை அழுத்தும் கட்டை, இரும்புவரை தேய்ந்து, டிஸ்க்கில் உழவுசால் போட்டிருந்தது.

பேட் மட்டும் மாற்றுவதானால் ஊசியைப் பிடித்திருக்கும் சிறிய போல்ட்டுகளோடு வேலை முடிந்துவிடும். டிஸ்க்கைக் கழற்ற வேண்டுமானால் கலிப்பரைத் தாங்கும் சட்டத்தையே எடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் இரண்டு பெரிய போல்ட்டுகளில்தான் சனியன் உட்கார்ந்திருக்கிறது. இந்த அளவு வேன்களில் அவற்றைப் பொதுவாக 100 நியூட்டன் மீற்றரை (முறுக்கும் பலத்தின் அளவு) ஒட்டி இறுக்குவார்கள். மரையில், தானாகக் கழலாமல் பிடிக்கும் பூட்டுப் பசையும் பூசியிருக்கலாம். போதாததற்கு, முன்பு வேலை செய்த கராஜில் போல்ட் முறுக்கும் காற்றுத் துப்பாக்கியால் அளவில்லாமல் முறுக்கிவிட்டிருந்தார்கள்.

முதல் நாள் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரை மணி நேரம் அந்த போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். தலை உள்பக்கம் இருக்கிறது. நான் வெளியே குந்தி, கையை மட்டும் சுற்றி உள்ளே விட்டிருக்கிறேன். தலைப்பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். வால்பக்கம் இருக்கும் எனக்கு அதுவே வலஞ்சுழி. ஹட்டனில் ஒரு பாஸ் (மெக்கானிக்), வயதானவர், வேடிக்கை பார்த்துவிட்டு, "தம்பி, நீ கழற்றவில்லை, அதைக் கல்யாணம் கட்டி வைக்கிறாய்" என்றார். அன்றிலிருந்து சக்கர வளைவின் உள்ளே வெள்ளை மையால் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். மழையில் அழிந்தால் மறுபடி போடுவேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அவர் சொன்ன இரண்டாவது பாடம் பன்னிரண்டு மூலை ஸ்பெனரைத் தூர வைப்பது. அது தலையின் முனைகளை மட்டுமே கவ்வும். துருவேறிய தலையின் மூலைகளை ஓர் இழுப்பில் மழுக்கி உருட்டிவிடும். ஆறு மூலை சொக்கட் பக்கங்களை அணைத்துப் பிடிக்கும். ஒரு போல்ட்டின் தலையைப் பாதி உருட்டிய பிறகுதான் இதைக் கேட்டேன்.

இனி கருவிகள். முதலில் வாங்கியது விலை கூடியது: பற்றரியில் ஓடும், தட்டித் தட்டி முறுக்கும் இம்பெக்ட் இயந்திரம். சக்கர நட்டுகளுக்கு அருமை. கலிப்பர் போல்ட்டுக்கு ஒரு நாளும் பயன்படவில்லை. இயந்திரத்தின் தலையும் சொக்கட்டும் சேர்ந்தால் ஒரு சாண். போல்ட்டுக்கும் அதிர்வுத்தாங்கிக்கும் நடுவே நான்கு விரல் இடம். இதைக் கடையில் நின்று யோசித்திருக்கலாம். எல்லாப் பக்கமும் வளையும் இணைப்பு ஒன்றும் வாங்கினேன். கோணம் கூடக் கூட சொக்கட் தலையைவிட்டு நழுவப் பார்க்கிறது. முழுப் பலத்தோடு இழுக்கும்போது அப்படி நழுவினால் விரல் முட்டிகள் போகும். எனக்குப் போயின.

உழைத்தவை இரண்டு. ஒன்று, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீண்ட ரிங் ஸ்பெனர். மேல் போல்ட்டுக்கு அது போதும். மற்றது 60 சென்ரிமீற்றர் நீளமான, தலை மடியும் கைப்பிடிக் கம்பி. அதில் குட்டையான ஆறு மூலை சொக்கட். கணக்கு எளிது: சாதாரண 17 ஸ்பெனர் 20 சென்ரிமீற்றர் இருக்கும், 40 கிலோ பலத்தில் இழுத்தால் 80 நியூட்டன் மீற்றர்தான் கிடைக்கும், போல்ட் அசையாது. அதே இழுப்பு 60 சென்ரிமீற்றர்க் கம்பியில் 240. அதைவிட முக்கியம், கை சக்கர வளைவுக்கு வெளியே வந்துவிடுகிறது. தள்ளாமல் இழுக்கலாம்.

இப்போது இருப்பது இரண்டாவது கம்பி. முதலாவதில் பேராசைப்பட்டு ஒரு மீற்றர் நீளத் தண்ணீர்க் குழாயைச் செருகி இழுத்தேன். சதுர முனை முறிந்து நான் மல்லாக்க விழுந்தேன். 2022இல் வாங்கிய இந்தக் கம்பிக்குக் குழாய் காட்டியதில்லை. பளபளப்புப் பூச்சு உரிந்துவிட்டது, மடியும் இடத்து ஊசி கொஞ்சம் ஆடுகிறது, ஆனால் வளையவில்லை. இந்தப் பக்கத்து ஈரத்துக்கு எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்காவிட்டால் எந்தக் கருவியும் ஒரு மழைக்காலம் தாண்டாது.

கருவியைவிட இடம் செய்துகொள்வதுதான் பெரிய வித்தை. என் வண்டியில் கலிப்பர் அச்சுக்குப் பின்பக்கம் இருக்கிறது. அதனால் இடது சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஸ்டியரிங்கை முழுக்க வலதுபக்கம் ஒடித்தால் போல்ட்டின் தலை பின்னோக்கித் திரும்பி வெளிச்சத்துக்கு வரும். கலிப்பர் முன்பக்கம் உள்ள வண்டியில் எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். அடுத்து, சட்டத்தைத் தொடுவதற்கு முன்பே கலிப்பரை ஊசிகளிலிருந்து கழற்றி மெல்லிய கட்டுக்கம்பியால் மேலே கட்டிவிடுகிறேன். பிரேக் குழாயில் தொங்கவிடவே கூடாது. கலிப்பர் போனால் சட்டத்தைச் சுற்றி ஒரு கை நுழையும் இடம் கிடைக்கிறது. சூடு காட்ட வேண்டி வந்தாலும் குழாயும் ரப்பர் வளையங்களும் எட்டத்தில் இருக்கும்.

சூடு கடைசி வழி. துருவுக்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து முதல் நாள் மாலை ஒருமுறை, படுக்கப்போகும் முன் ஒருமுறை விடுவது பாஸின் முறை. தெளித்த கையோடு கழற்றப் பார்ப்பவருக்கு எந்த எண்ணெயும் உதவாது. டிஸ்க்கில் படக்கூடாது என்பதால் தூரிகையால் வைக்கிறேன். பூட்டுப் பசைக்கு எண்ணெய் ஏறாது, அது சூட்டுக்குத்தான் இளகும். அதற்கும் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் நெருப்பு. பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் நெருப்பே வேண்டாம். சில வகைகள் சூட்டில் நச்சுவாயுவாகும். எனக்கு ஒரே ஒரு முறைதான் சூடு தேவைப்பட்டது. மற்ற நேரங்களில் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக நான்கு தட்டு, பிறகு இழுப்பு.

மலைநாட்டில் சமதளம் எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டு வாசலே சரிவு. மேலே தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் (தொழிலாளர் காலையில் கூடி வேலை பிரிக்கும் இடம்), பெரட்டு கலைந்த பிறகு கேட்டுக்கொண்டு நிறுத்துகிறேன். மழை நனைத்த மண்ணில் ஜெக் புதையும். தடித்த பலகை போட்டு, வண்டியைத் தாங்கும் இரும்பு நிலைக்கால்களில் இறக்கி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே கம்பியைத் தொடுவேன். 240 நியூட்டன் மீற்றர் இழுப்பு போல்ட்டை மட்டுமா இழுக்கிறது, வண்டியையும்தான். ஜெக்கை மட்டும் நம்பிப் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

திரும்பப் பூட்டும்போது மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊசிகளுக்கு சிலிக்கோன் கிரீஸ், சட்டத்து போல்ட்டுகளுக்குப் புதிய பூட்டுப் பசை, பிறகு அளவு காட்டும் ஸ்பெனரால் கையேட்டில் உள்ள இறுக்கம். பாதி உருண்ட போல்ட்டைத் திரும்பப் போடவில்லை. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து அதே தரத்தில் புதியது வந்தது. பிரேக் எண்ணெயையும் கூடவே பார்க்கிறேன். டொட் 3 தரத்துப் புதிய பிரேக் எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் குடித்தால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். எங்கள் மூடுபனிக்குள் அது குடிக்காமல் இருக்குமா?

இப்போது ஒவ்வொரு வருடமும் சித்திரைப் புத்தாண்டு முடிந்து, தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் நான்கு போல்ட்டுகளையும் ஒருமுறை கழற்றிப் பூட்டுகிறேன். 2021இல் இரண்டு நாள் தின்ற வேலை, இந்த வருடம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. மற்ற மூன்றும் ரிங் ஸ்பெனருக்கே வருகின்றன. இடது கீழ் போல்ட்டுக்கு மட்டும் இன்னும் 60 சென்ரிமீற்றர்க் கம்பி வேண்டும். பாதையோரத் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம்தான் அடிக்கிறது, அதனால் இருக்கலாம்.

இம்பெக்ட் இயந்திரத்தை மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். கம்பியையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறார். அடுத்த சித்திரைக்குள் அதை வாங்கியாக வேண்டும்.