பழைய டிரக்கின் ஈசிஎம்: சரிசெய்வதா, மாற்றுவதா, எதை வாங்குவது?

ஓடிக்கொண்டிருந்த வண்டி சூடேறியதும் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பழுதுக் குறியீடு. இரண்டு வாரம் இப்படி அலைந்த பிறகு யாராவது ஒருவர் "ஈசிஎம் போயிடுச்சு, மாத்திடுங்க" என்று சொல்லிவிடுவார். ஈசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. என்னைக் கேட்டால், இருபது முப்பது வருடம் ஓடிய டிரக்குக்கு அதன் சொந்த ஈசிஎம்மைச் சரிசெய்வதுதான் முதல் வழி. மற்றதெல்லாம் அது முடியாதபோது பார்க்க வேண்டியவை.

ஆனால் எந்த வழியில் போனாலும், பழுது உண்மையிலேயே ஈசிஎம்மில்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஈசிஎம்மின் எர்த் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரையும் அதன் முனைகளையும் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளை இறங்கியிருந்தால், சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஏதோ ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்துவிட்டால் பழுது அந்த சென்சாரில் இருக்கிறது, ஈசிஎம்மில் இல்லை.

இன்னொன்று, ஈசிஎம் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் ஐடில் மோட்டாரின் காயிலோ ஒரு இன்ஜெக்டரோ ஷார்ட் ஆனால், அதை இயக்கும் டிரான்சிஸ்டர் உள்ளே கருகிவிடும். நான் ஒருமுறை அந்தக் காயிலை அளக்காமல் புதுப்பித்த ஈசிஎம்மை மாட்டினேன். சாவி போட்ட கொஞ்ச நேரத்தில் அதுவும் அதே இடத்தில் கருகியது. அதிலிருந்து இன்ஜெக்டர், காயில், சோலனாய்டு எல்லாவற்றின் ஓம்ஸையும் அளந்து எழுதிவைக்காமல் எந்த ஈசிஎம்மையும் நான் மாட்டுவதில்லை.

சரி, ஈசிஎம்தான் பழுது என்று உறுதியாகிவிட்டது. 1980களிலும் 1990களிலும் வந்தவற்றைத் திறந்தால் பல சமயம் காரணம் கண்ணுக்கே தெரியும். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் என்ற, உள்ளே திரவம் உள்ள சின்ன உருளையின் அடிப்பக்கம் கசிந்து, போர்டில் பழுப்புக் கறை படிந்திருக்கும். சிலதில் மீன் வாடை அடிக்கும். கசிந்த திரவம் செம்புத் தடங்களை மெல்ல அரித்துவிடுகிறது. அந்தக் காலத்து ஃபோர்டு பிக்கப்புகளில் வந்த ஈஇசி-4 என்ற வகை ஈசிஎம்முக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. கெபாசிட்டரை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி தாங்கும் வகை, பிளஸ் மைனஸ் மாறாமல் சால்டர் செய்ய வேண்டும். அரித்துப்போன தடத்துக்கு மெல்லிய வயரால் பாலம் போட வேண்டியிருக்கும். சூட்டில் மட்டும் நிற்கிற வண்டிகளில் விரிசல் விட்ட சால்டர் முனைகள்தான் பல சமயம் காரணம். அவற்றை மறுபடி உருக்கினால் போதும்.

சொந்த ஈசிஎம்மை நான் இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் மென்பொருள்தான். அந்த இன்ஜின், அந்த கியர்பாக்ஸ், அந்த ஆக்சில் விகிதம் ஆகியவற்றுக்கான அளவுகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு, உள்ள வண்டி என்றால் சாவியின் அடையாளமும் அதோடு சேர்ந்தது. சரிசெய்து திரும்ப மாட்டினால் எதையும் புரோகிராம் செய்ய வேண்டியதில்லை. 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி 6.0 லிட்டர் டீசலில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அதில் இன்ஜெக்டர்களை இயக்க எஃப்ஐசிஎம் என்று தனிப் பெட்டி உண்டு. அது சுமார் 48 வோல்ட் கொடுக்க வேண்டும். 45க்குக் கீழே இறங்கினால் குளிரில் ஸ்டார்ட் ஆகத் திணறும். பெரும்பாலும் பழுதாவது பவர் சப்ளை போர்டு மட்டும்தான். அதை மாற்றினால் மென்பொருள் இருக்கும் மற்ற போர்டு அப்படியே இருக்கும். கூடவே பேட்டரிகளையும் சோதியுங்கள். பலவீனமான பேட்டரிதான் அந்த போர்டைச் சாகடிக்கிறது.

சரிசெய்வதற்கும் எல்லை உண்டு. கெட்டியான ஜெல் அல்லது ரெசின் ஊற்றி அடைத்த போர்டுகளைச் சுரண்டித் திறப்பது பாடு, அதில் நல்ல பாகங்களும் போய்விடலாம். தண்ணீர் புகுந்து உள் அடுக்குகள் அரித்துப்போயிருந்தாலோ பிராசசரே கருகியிருந்தாலோ விட்டுவிட வேண்டியதுதான்.

அப்போது பலர் முதலில் தேடுவது உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய ஈசிஎம் பெட்டி. மலிவு, சுலபமாகக் கிடைக்கும். ஆனால் உங்களுடையதைச் சாகடித்த அதே கெபாசிட்டர்கள் அதே வயதில் அதற்குள்ளும் இருக்கின்றன. வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான பெட்டியை மேனுவல் வண்டியில் மாட்டினால் வண்டி ஓடலாம், ஆனால் சரியாக ஓடாது. இம்மொபிலைசர் இருந்தால் பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது. உங்கள் பழைய பெட்டியின் நினைவகத்தைப் படித்து இதில் அப்படியே நகலெடுக்க ஆள் இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள். வாங்கியதும் கெபாசிட்டர்களையும் மாற்றிவிடுங்கள். அதாவது உதிரி போர்டாக இது நல்லது, வாங்கி வந்து அப்படியே மாட்டுகிற பொருளாக நல்லதில்லை.

புதுப்பித்த பெட்டி இதைவிட ஒரு படி மேல். உத்தரவாதம் இருக்கும், சோதித்து அனுப்புவார்கள். எதை எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். தூசி துடைத்து சோதித்ததையும் புதுப்பித்தது என்றே விற்பவர்கள் இருக்கிறார்கள். இதில் வழக்கமாகப் பழையதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். புதியது ஓடுகிறதா என்று பார்ப்பதற்குள் பழையதை அனுப்பிவிடுவார்கள். மென்பொருளும் அதோடு போய்விடும். 1980களின் கடைசியில் வந்த ஜிஎம் டிரக்குகளில் அளவுகள் இருப்பது பிராம் என்ற தனிச் சிப்பில். புதுப்பித்த பெட்டி பொதுவாக அந்தச் சிப் இல்லாமல்தான் வரும். பழையதிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும். சிப்போடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டு நின்றவர்களும் உண்டு.

புத்தம் புதியது கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் இந்த வயது வண்டிகளுக்குத் தயாரிப்பாளர்கள் பலவற்றை நிறுத்திவிட்டார்கள். கிடைத்தாலும் வண்டியின் சேஸிஸ் எண்ணை ஏற்றி புரோகிராம் செய்ய வேண்டும். புரோகிராம் நடக்கும்போது பேட்டரி இறங்கினால் புதிய பெட்டியும் வீணாகிவிடலாம், சார்ஜரை இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். தனியாக டியூன் செய்யும் பந்தய வகை ஈசிஎம்கள், அன்றாடம் சுமை ஏற்றும் டிரக்குக்குத் தேவையில்லாத வேலை. வயரிங் முழுவதையும் தொட வேண்டும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தனி கண்ட்ரோலர் தேட வேண்டும், புகைப் பரிசோதனையிலும் சிக்கலாம்.

ஈசிஎம்மையே மாற்றத் தேவையில்லாத ஒரு பழுதும் உண்டு. 1990களின் டாட்ஜ் டிரக்குகளில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டர் இன்ஜின் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. மற்றதெல்லாம் சரியாக இருந்து சார்ஜ் மட்டும் ஆகவில்லை என்றால், வயரிங்கைச் சோதித்துவிட்டு வெளியே தனி ரெகுலேட்டரைப் பொருத்தி ஓட்டலாம். செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம், ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாட்டுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். கனெக்டர் பின்களில் பச்சைப் பூச்சு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பழைய பெட்டியின் லேபிளைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், புதியது சூட்டிலும் குளிரிலும் ஒரு வாரம் ஓடும்வரை பழையதை யாரிடமும் கொடுக்காதீர்கள்.