பழசு வேறு, பழுத்தது வேறு: கியோத்தோவில் 17,000 யென் விட்ட கதை

கியோத்தோவில் ஃபுஷிமி பக்கம் சாகே (ஜப்பானிய அரிசி மது) குடிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, வம்பு வேண்டாம்.

கோஷு என்றால் வருஷக்கணக்கில் பழுக்கவிட்ட சாகே. சாதாரண சாகேயை ஒரு வருஷத்துக்குள் குடித்துவிடுவதுதான் வழக்கம். அந்த சின்ன பாரில் ஜன்னலோரத் தட்டைக் காட்டி, "20 வருஷக் கோஷு, இரண்டு புட்டிதான் மிச்சம்" என்றார் கடைக்காரர். 60 மில்லி 2,800 யென். தேன் நிறம். அதைப் பார்த்ததுமே மயங்கிவிட்டேன். வாயில் வைத்தால் முள்ளங்கி ஊறுகாய் வாடை, பின்னாலேயே வெந்த முட்டைக்கோஸ். "பழகாத நாக்குக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். அதோடு நிற்காமல் 14,000 யென் கொடுத்து ஒரு புட்டியும் வாங்கினேன், என்னை எதால் அடிப்பது?

தோக்கியோ திரும்பி, அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான ஒரு நீகாதாக்காரரிடம் (சாகேக்குப் பேர்போன பகுதி அது) காட்டினேன். லேபிளைத் திருப்பிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். கோஷு என்ற எழுத்தே அதில் இல்லை. எத்தனை வருஷம் பழுத்தது என்பதும் இல்லை. இருந்தது 16.10 என்ற தயாரிப்புத் தேதி மட்டும். ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஹெய்செய் 16, அதாவது 2004 அக்டோபர். அப்போது ஆலையை விட்டு வந்த சாதாரண சாகே, விற்காமல் அந்த ஜன்னலோரத்திலேயே வெயில் காய்ந்திருக்கிறது.

கோஷு தயாரிக்கும் ஆலைகளின் சங்கம், குறைந்தது 3 வருஷம் ஆலையிலேயே பழுத்திருக்க வேண்டும் என்கிறது. வேறு வேறு வயதுச் சாகேக்களைக் கலந்தால், இருப்பதிலேயே இளையதன் வயதைத்தான் லேபிளில் போடலாம். இவ்வளவு கறாரான ஊரில்தான் எனக்கு இது நடந்தது.

நிறத்தை நம்பாதீர்கள். சர்க்கரையும் அமினோ அமிலமும் மெல்ல வினைபுரிந்துதான் கோஷு பொன்னிறமாகிறது. ஆனால் வெயிலும் சூடும் பட்டால் எந்தச் சாகேயும் நிறம் மாறும். குளிரில் பழுத்த கின்ஜோ (அரிசியை நன்றாகத் தீட்டிச் செய்யும் உயர்தர சாகே) பல வருஷம் ஆனாலும் வெளிறியே இருக்கும். மூக்கைத்தான் நம்ப வேண்டும். எனக்கு வந்த ஊறுகாய் வாடைக்கு ஜப்பானியர்கள் 'ஹினேகா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டைமெத்தில் ட்ரைசல்ஃபைடு என்ற கந்தகப் பொருளின் வேலை அது.

பிறகு அந்த நீகாதாக்காரரே ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிப்போனார். 10 வருஷக் கோஷு, முதலில் அப்படியே, பிறகு வெதுவெதுப்பாக. காய்ந்த திராட்சை, சோயா சாஸ், கருகத் தொடங்கும் சர்க்கரைப் பாகு, கடைசியில் அச்சு அசல் வெந்தயம்! சோட்டோலோன் என்ற பொருளாம், நம் வெந்தயத்துக்கு வாசனை தருவதும் அதுதான். சூடு ஏற ஏற அந்த மணம் விரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

பாருக்கு போன் போட்டேன். கடைக்காரர் பதறவே இல்லை. "20 வருஷம் ஆனது உண்மைதானே, நான் என்ன பொய் சொன்னேன்?" என்றார். ரசீதில் 'பானம்' என்று மட்டும் இருந்ததால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மிச்சப் புட்டியை மீன் குழம்பில் ஊற்றிப் பார்த்தேன். மீனையும் கொட்ட வேண்டியதாயிற்று.