தவசுப்பிள்ளை கூட்டமா, கேட்டரிங் ஆட்களா? எந்தக் குழு எந்த வேலைக்கு

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வாடகை, கரண்ட், தண்ணீர், குப்பை வண்டி இவ்வளவுதான் என் பொறுப்பு. சமையல் அவரவர் ஏற்பாடு. அதனால் ஒரே அடுப்படியில் ஒரு முகூர்த்தத்துக்குத் தவசுப்பிள்ளை என்று நம் பக்கம் சொல்லும் கல்யாணச் சமையல்காரரின் கூட்டத்தையும் அடுத்த முகூர்த்தத்துக்குக் கேட்டரிங் ஆட்களையும் மாறி மாறிப் பார்க்க வாய்க்கிறது. அடுப்பு அதே, சாமான் வைக்கும் கலவறை அதே. ஆட்கள் சேர்ந்திருக்கும் விதம் மட்டும்தான் வேறு. யார் கைக்கு ருசி அதிகம் என்ற வழக்குக்கு நான் வரவில்லை, அது சாப்பிட்டவர்கள் பாடு. மெக்கானிக் ஷெட்டோ ஆடிட்டர் ஆபீஸோ, பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர் இந்த இரண்டில் எதைப் பார்த்துத் தன் குழுவை அமைக்கலாம் என்பதைத்தான் இங்கே அலசப் பார்க்கிறேன்.

தவசுப்பிள்ளை கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தலைவர், அவருடைய தம்பியோ மச்சினனோ, ஊர்க்காரர்கள் நாலைந்து பேர், காய் நறுக்கவும் தேங்காய் துருவவும் வழக்கமாக வருகிற பெண்கள், பாத்திரம் கழுவ ஓர் ஆள். புதிதாக ஒருவன் வந்தால் தெரிந்தவர் சிபாரிசுதான் இன்டர்வியூ. பூண்டு உரிப்பதில் தொடங்குவான். கரண்டி கைக்கு வர வருஷங்கள் ஆகும்.

கேட்டரிங் கம்பெனியில் மாஸ்டர், சூப்பர்வைசர், இன்னும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் மாதச் சம்பளம். மற்றவர்கள் அன்றன்றைய கூலிக்கு வருகிறவர்கள். பரிமாறும் பையன்கள் பெரும்பாலும் காலேஜில் படிப்பவர்கள். யார் எங்கே நிற்க வேண்டும் என்ற பட்டியல் முந்தின ராத்திரியே வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

சொதி வைக்கும் பரீட்சை

நம் பக்கத்துச் சைவக் கல்யாணங்களில் மறுவீட்டுக்குச் சொதி வைத்தாக வேண்டும், கூடவே இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். ஒரு குழுவின் லட்சணத்தைச் சொதி காட்டிக்கொடுக்கிற மாதிரி சாம்பார் காட்டாது. தேங்காய்ப்பாலை மூன்று தரமாகப் பிழிந்து தனித்தனியே வைக்க வேண்டும். தண்ணீர்ப் பாலில் காய் வேகும், வெந்த பாசிப்பருப்பு அதில் சேரும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும்; கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகு. துருவுகிறவர், பிழிகிறவர், அடுப்பில் நிற்கிறவர், அண்டாவை இறக்கக் கை கொடுக்கிறவர்கள் என்று எல்லாரும் ஒரு நிமிஷக் கணக்கில் ஒத்துப்போக வேண்டிய வேலை.

தவசுப்பிள்ளை அடுப்படியில் இந்த இடத்தில் பேச்சே குறைவு.

“அண்ணாச்சி, முதல் பாலைக் கொண்டாரட்டா?”

“பொறுல. முருங்கைக்காய் இன்னும் வேகல.”

அவ்வளவுதான். பிறகு அவர் தலையைத் திருப்பியதுமே இரண்டு பேர் கைத்துணியோடு அண்டாவின் இரண்டு காதையும் பிடித்துவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

இதே மண்டபத்தில் ஒரு கேட்டரிங் குழு பால் டப்பாக்களில் ‘பால் 1’, ‘பால் 2’, ‘பால் 3’ என்று அழகாக லேபிள் ஒட்டியிருந்தது. மாஸ்டர் பந்தியைப் பார்க்க மேலே போயிருந்தார். அன்றைக்குத்தான் வந்த உதவியாள், எண் வரிசைப்படி ஒன்றாம் பாலை முதலில் ஊற்றிக் கொதிக்கவிட்டுவிட்டார். பிழிந்தவர் சரியாகப் பிழிந்திருந்தார், ஒட்டியவர் சரியாக ஒட்டியிருந்தார், ஊற்றியவரும் எழுதியிருந்தபடியே ஊற்றினார். சொதி மட்டும் பொட்டுப் பொட்டாகத் திரிந்து நின்றது.

இதை வைத்து உடனே தவசுப்பிள்ளைக்கு மாலை போட்டுவிட முடியாது. அந்தக் கேட்டரிங்காரர் அடுத்த முறை வந்தபோது லேபிளில் ‘கடைசியில் ஊற்றவும், கொதிக்க விடாதே’ என்று இருந்தது. இனி யார் வந்து நின்றாலும் அந்தத் தப்பு நடக்காது. தவசுப்பிள்ளைக்குத் தெரிந்தது எதுவும் இப்படி எழுத்தில் இல்லை. அவர் காய்ச்சலில் படுத்த ஒரு முகூர்த்தத்தில் அதே தம்பி, அதே மச்சினன், அதே பெண்கள்தான் வந்திருந்தார்கள். எட்டு மணிக்குப் போட வேண்டிய முதல் பந்தி ஒன்பதரைக்குத்தான் போட்டது. ஒருவருக்கும் வேலை தெரியாமல் இல்லை. எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது என்று முடிவு சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆள் கூடினால்

ஐந்து பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகப் பார்த்தால் பத்து ஜோடிகள். பத்துப் பேரானால் நாற்பத்தைந்து, இருபது பேரானால் நூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொரு ஜோடியும் ஒரு சேதி தவறிப்போகக்கூடிய இடம். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கவிட்டுப் பார்த்து 1913இல் எழுதிய கணக்கும் உண்டு. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியே இழுத்ததில் ஏறக்குறையப் பாதி பலம்தான் ஆளுக்கு வந்தது. இழுப்பு ஒரே நேரத்தில் சேராதது ஒரு காரணம், நாம் கொஞ்சம் விட்டாலும் தெரியாது என்ற நினைப்பு இன்னொன்று. பரிமாற இருபது பையன்கள் நிற்கும் பந்தியில் ரசத்துக்காக ஒரு பெரியவர் கையைக் காட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

தவசுப்பிள்ளை கூட்டத்துக்கு இந்த நோய் குறைவு. ஆள் கொஞ்சம், யார் சும்மா நின்றாலும் கண்ணில் படும். ஆனால் எல்லாப் பாத்திரத்துக்கும் அவர் ஒருவரே உப்புப் பார்க்கிறார். ஐந்நூறு இலை வரை அது பலம். ஆயிரத்தைத் தாண்டினால் அண்டாக்கள் அவருக்காக வரிசையில் காத்துக் கிடக்கும். கேட்டரிங்காரர் அந்த இடத்தில் வேலையைக் கூறுபோட்டுவிடுகிறார். சாதம், குழம்புக்கு ஒருவர், கூட்டு பொரியலுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. பெரிய கல்யாணத்தில் இதற்கு மாற்று கிடையாது.

அடிப்பிடித்ததைச் சொல்வது யார்

இரண்டு கூட்டமும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சாம்பார் அடிப்பிடித்தால் உடனே கிண்டுவதை நிறுத்தி, அடியைச் சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு நிமிஷத்தில் சொன்னால் சாம்பார் பிழைக்கும். பயந்துகொண்டு இன்னும் நாலு கிண்டு கிண்டினால் அண்டா முழுக்க தீய்ந்த வாடை. சொந்தக்காரக் கூட்டத்தில் பெரியவர் கையால் அடியே விழும் என்று பையன் மறைப்பான். கூலிக்கு வந்தவனோ, சொன்னால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று வாயைத் திறக்க மாட்டான்.

ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். அவர்கள் கூடுதலாகத் தப்புச் செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் பேசினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தவசுப்பிள்ளை இந்த ஆராய்ச்சி எதுவும் படித்தவரில்லை. “அடிப்பிடிச்சிட்டுன்னு மொதல்ல சொல்லுதவன நான் ஏசவே மாட்டேன், மறைக்கவன அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்” என்பது அவர் சட்டம். அவர் அடுப்படியில் “அண்ணாச்சி, பிடிக்கு!” என்ற சத்தம் நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். பந்தியில் தீய்ந்த சாம்பாரை மட்டும் பார்த்ததில்லை.

காசும் ஆடி மாதமும்

தவசுப்பிள்ளை மொத்தத் தொகையைப் பேசி வாங்கி அவரே பிரித்துக் கொடுக்கிறார். யாருக்கு எவ்வளவு என்பது வெளியே தெரியாது. குழு உடைகிறது என்றால் பெரும்பாலும் இங்கேதான் உடையும், ருசியில் இல்லை. கேட்டரிங்கில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, வேலை முடிந்ததும் ஜிபேயில் பணம் விழுந்துவிடும். ஆளுக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் ஆடியும் மார்கழியும் வந்தால் கணக்கு திரும்பும். முகூர்த்தம் இல்லாத அந்த மாதங்களில் தவசுப்பிள்ளை தன் ஆட்களுக்குக் கைமாற்றுக் கொடுப்பார், கோயில் கொடைக்கும் சாஸ்தா பூஜைக்கும் சமையல் பிடித்துத் தருவார். முன்பணம் ஆளைக் கட்டிப்போடவும் செய்யும் என்பதை மறுக்கவில்லை. கேட்டரிங் கூலியாள் அதே மாதத்தில் திருப்பூருக்கு ரயிலேறிவிடுவான். ஆவணியில் மாஸ்டர் மறுபடி முகம் தெரியாதவர்களோடு தொடங்க வேண்டும்.

இரண்டு தரப்பும் சேர்ந்து கோட்டைவிடுவது ஓய்வை. தை, வைகாசியில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும்போது மூன்றாம் நாள் கத்தி கையில் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். 1908இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வார விடுமுறையும் ஒரு கோரிக்கை. தூத்துக்குடி அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லாதான். நம் அடுப்படிகளுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

நடுவே ஒரு மூன்றாவது வழி

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனி 2011இல் அலுவலகம் தொடங்கியது. அதன் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பழக்கி வேலைக்கு எடுக்கிறார்கள். தெரிந்தவர் சிபாரிசும் இல்லை, அன்றாடக் கூலியும் இல்லை. சிறு முதலாளிக்கு இது கட்டுப்படியாகாது, பழக்கிய பையன் சென்னைக்குப் போய்விட்டால் போட்ட காசு நஷ்டம். இருந்தாலும் இதைச் சின்ன அளவில் செய்து பார்க்கும் ஒரு கேட்டரிங்காரர் இங்கே உண்டு. ஆறு பேரை வருஷம் முழுக்கச் சம்பளத்தில் வைத்துக்கொள்கிறார், ஆடியில் ஊறுகாயும் வற்றலும் போட வைக்கிறார். பெரிய கல்யாணம் வந்தால் இந்த ஆறு பேர் ஆளுக்கு ஐந்து வெளியாட்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். என் ஓட்டு இந்த ஏற்பாட்டுக்குத்தான். சம்பளப் பட்டியலில் பத்துப் பேர் வந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் வந்தால் பி.எஃப். என்ற செலவையும் அவர் கூட்டித்தான் ரேட் சொல்கிறார். அதனால் மற்றவர்களைவிட விலை கொஞ்சம் கூடத்தான்.

மண்டபம் பேச வருகிறவர்கள் யாரைப் பிடிக்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. தவசுப்பிள்ளை என்றால், உங்களுக்கு முடியாமல் போனால் அன்றைக்கு அடுப்பில் யார் நிற்பார் என்று கேட்கச் சொல்வேன். கேட்டரிங் என்றால், போன முகூர்த்தத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இதற்கும் வருகிறார்கள் என்று கேட்கச் சொல்வேன். யோசிக்காமல் பெயரும் எண்ணும் சொல்கிறவரிடம் அட்வான்ஸைக் கொடுக்கலாம்.